வன்னியில் வீட்டுக்கும் பயணத்துக்கும் முதலுதவிப் பெட்டி: எந்த ஒழுங்கில் சேர்ப்பது, எதைத் தவிர்ப்பது

முதலுதவிப் பெட்டி ஒன்றைச் செய்ய நினைப்பவர்களில் அனேகர் கடைக்குப் போய் முதலில் பெட்டியைத்தான் வாங்குகிறார்கள். பிறகு அதற்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவையும் பாமசியில் கேட்டு நிரப்பி, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கை வெட்டுப்பட்ட அன்று அந்தப் பெட்டிக்குள் இருமல் பாணியும் எப்போதோ மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசைகளும் இருக்கும். காயத்தை அழுத்திப் பிடிக்க ஒரு துண்டுக் கோஸ் துணி இருக்காது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் வயலையும் தோட்டத்தையும் கடலையும் காட்டையும் ஒட்டி வாழும் குடும்பங்களை மனதில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்வரை நிலைமை மோசமாகாமல் பார்த்துக்கொள்வதே முதலுதவிப் பெட்டியின் வேலை. எதை வாங்குவது, எதை விடுவது என்று தடுமாறும் ஒவ்வொரு இடத்திலும் இந்த வரையறைக்குத் திரும்பி வந்தால் விடை கிடைக்கும்.

1. காசு செலவழிக்குமுன் ஒரு தாளை நிரப்புங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் வீட்டில் இருப்பவர்களின் பெயர், வயது, கிளினிக்கில் எடுக்கும் மருந்து, ஒவ்வாத மருந்து அல்லது உணவு ஆகியவற்றை எழுதுங்கள். சிறு பிள்ளைகளின் நிறையையும் எழுதுங்கள், ஏனெனில் பிள்ளைக்குக் கொடுக்கும் காய்ச்சல் மருந்தின் அளவு வயதைவிட நிறையைப் பார்த்தே சரியாகக் கணிக்கப்படுகிறது.

அடுத்து, கடந்த ஓராண்டில் இந்த வீட்டில் யாருக்கு என்ன நடந்தது என்பதை எல்லோரையும் இருத்திக் கேட்டு எழுதுங்கள். திருவலையில் விரல் வெட்டுப்பட்டது, கருக்குமட்டை கிழித்தது, அடுப்படியில் சுடுநீர் ஊற்றுப்பட்டது, மோட்டார் சைக்கிள் புகைபோக்கியில் கால் சுட்டது, குளவி குத்தியது, பஸ்ஸில் பிள்ளை சத்தி எடுத்தது என்று பட்டியல் தானாக நீளும். பெட்டியின் முக்கால்வாசி இந்தப் பட்டியலிலிருந்தே வர வேண்டும். வெளிநாட்டில் விற்கும் ஆயத்தப் பெட்டியின் பட்டியலைப் பார்த்து வாங்குகிறவர்கள், பனிக்குளிருக்கான பொருளுக்குக் காசு கொடுத்துவிட்டு வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பக்கற்றை மறந்து வருகிறார்கள்.

தொழிலையும் எழுதுங்கள். வயல் செய்யும் வீட்டுக்கும் கடலுக்குப் போகும் வீட்டுக்கும் தையல் கடை வைத்திருக்கும் வீட்டுக்கும் ஒரே பெட்டி பொருந்தாது.

2. வைத்தியசாலைத் தூரத்தை நேரமாகக் கணக்கிடுங்கள்

உங்கள் வீட்டிலிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதைவிட, இரவு ஒரு மணிக்கு மழையில் அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதுதான் கேள்வி. மாரியில் வட்டுவாகல் போன்ற தாழ்ந்த பாலங்களின் மேல் தண்ணீர் ஏறும் நாட்களில் வழக்கமான பாதை கிடைக்காது. உள்வீதிகளில் மதகு உடைந்தால் முச்சக்கர வண்டியும் வராது. ஏ9 வீதியில் வீடு வைத்திருப்பவருக்கு இருபது நிமிடத்தில் முடியும் வேலை, மாந்தை கிழக்கிலோ ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயோ இருப்பவருக்கு அப்படி முடியாது.

போக்குவரத்து நேரம் கூடக்கூட இரண்டு பொருட்களை மட்டும் கூட்டுங்கள்: கட்டுத் துணியும் ஜீவனியும். இரத்தம் நனைந்த துணியின் மேல் இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டியிருக்கும். வயிற்றோட்டக்காரருக்கு வழியெல்லாம் குடிக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். தூரம் அதிகம் என்பதற்காக மருந்து வகைகளைக் கூட்ட வேண்டியதில்லை.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. ஆயினும் அது வருவதற்குள் பாதி வழியில் சந்திக்கும்படி வாகனம் ஒன்றை ஏற்பாடு செய்ய வேண்டிய இடங்கள் வன்னியில் உண்டு. அயலில் யாரிடம் வாகனம் இருக்கிறது, இரவில் யார் வருவார் என்பதை முன்கூட்டியே பேசி, அவர்களின் இலக்கங்களையும் அதே தாளில் எழுதுங்கள். தொலைபேசிக்குள் மட்டும் வைத்திருந்தால், பற்றரி இறங்கிய நேரத்தில் அது உதவாது.

3. மருந்தையும் கட்டுப் பொருளையும் இரண்டாகப் பிரியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டால் இரண்டு தீங்குகள் வரும். முதலாவது, பிள்ளைகள் கை எட்டாத உயரத்தில் மருந்தை வைக்க வேண்டும் என்பதற்காகப் பிளாஸ்டரும் கோஸும் அதே உயரத்துக்குப் போய்விடும். பிள்ளை விழுந்து முழங்கால் கிழிந்தபோது அம்மம்மா கதிரை வைத்து ஏற வேண்டி வரும்.

இரண்டாவது வெயில். பெரும்பாலான குளிசைகளின் உறையில் 30 பாகை செல்சியசுக்குக் கீழ் வைக்கும்படி அச்சிடப்பட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழே இருக்கும் அறையில் வெப்பம் அதை எளிதாகத் தாண்டும். வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் இருக்கைக்குக் கீழோ, வாகனத்தின் முன்தட்டிலோ அதைவிட அதிகமாகும். கட்டுத் துணி சூட்டைத் தாங்கும், மருந்து தாங்காது.

ஆகவே கட்டுப் பொருட்களை வீட்டில் எல்லோரும் அறிந்த, பூட்டில்லாத, கை எட்டும் இடத்தில் வையுங்கள். மருந்துகளைத் தனிப் பெட்டியில், வீட்டின் மிகக் குளிர்ந்த சுவர்ப் பக்கத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அடுப்படியும் குளியலறையும் இரண்டுக்குமே ஆகாது, ஏனெனில் ஒன்றில் சூடும் மற்றதில் ஈரமும் உண்டு.

இன்சுலின் எடுப்பவர் உள்ள வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால், ஈரமணல் நிரப்பிய பெரிய மண்சட்டிக்குள் சிறிய மண்சட்டியை வைத்து, அதற்குள் மருந்தை ஈரம் படாதபடி மூடி வைப்பது பயன் தரும். மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது சட்டிக்குள் சூடு குறையும் என்பதே இதன் காரணம். எத்தனை நாள் இப்படி வைக்கலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. காயத்துக்கான பொருட்களை முதலில் வாங்குங்கள்

கையில் இருக்கும் காசு குறைவென்றால் இந்தப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். இதுவே பெட்டியின் உயிர்.

கிருமி நீக்கிப் பொதி செய்த கோஸ் துண்டுகளைத் தனித்தனி உறையில் உள்ளவையாக வாங்குங்கள். பெரிய சுருள் மலிவாக இருக்கும், ஆனால் ஒருமுறை திறந்த பின் மீதி முழுவதும் தூசு படிந்துவிடும். பஞ்சைக் காயத்தின் மேல் நேரடியாக வைக்க வேண்டாம். நார்கள் ஒட்டிக்கொண்டு, அடுத்த நாள் கட்டு மாற்றும் தாதிக்கும் உங்களுக்கும் வேதனை தரும்.

இழுபடும் கிரேப் பன்டேஜ் இரண்டு, சிறிய ஒட்டுப் பிளாஸ்டர் ஒரு பெட்டி, கோஸை ஒட்டுவதற்குக் கடதாசி போன்ற மருத்துவ ஒட்டுநாடா ஒன்று ஆகியவை போதும். வியர்வையில் பிளாஸ்டர் கழன்றுவிடுவதால் வயலுக்குப் போகிறவர் விரலில் ஒட்டுநாடாவையும் சுற்ற வேண்டும்.

முக்கோணத் துணியைக் கடையில் தேட வேண்டியதில்லை. தோய்த்துக் காயவைத்த பழைய பருத்திச் சேலையிலோ வேட்டியிலோ ஏறக்குறைய ஒரு மீற்றர் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை குறுக்காக வெட்டினால் இரண்டு கிடைக்கும். முறிந்த கையைத் தாங்க, சிம்பு (உறுப்பு அசையாதபடி வைக்கும் பலகை) வைத்துக் கட்ட, பெரிய காயத்தின் மேல் சுற்ற என்று இதைப் போலப் பலவிதத்தில் பயன்படும் பொருள் பெட்டியில் வேறில்லை. நான்கு துணிகளாவது வைத்திருங்கள்.

நுனி மழுங்கிய கத்தரிக்கோல், முள் எடுக்கும் சாவணம், ஊக்கு, இரண்டு மூன்று சோடி கையுறை, சிறிய ரோச் லைற், ஒரு சவர்க்காரக் கட்டி ஆகியவற்றையும் சேருங்கள். சவர்க்காரத்தைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். நாய் கடித்த காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது விசர்நாய்க்கடி நோயைத் தடுப்பதில் மிக முக்கியமான முதற்படி. கழுவிய பிறகு, வெறும் கீறலாக இருந்தாலும், தடுப்பூசிக்காக வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கடித்தது வீட்டு நாயின் குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது.

காயம் கழுவுவதற்குக் குடிக்கக்கூடிய சுத்தமான தண்ணீர் போதும். பெரிய சேலைன் போத்தலைத் திறந்து மாதக்கணக்கில் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள், அதற்குள் வளர்ந்த கிருமியைக் காயத்துக்குள் ஊற்றுகிறார்கள். பொவிடோன் அயடின் சிறிய போத்தல் ஒன்று வைத்திருக்கலாம். அயடின் ஒவ்வாதவர்களுக்கு அதைப் பூசக் கூடாது. டெட்டோலைத் தண்ணீர் கலக்காமல் காயத்தில் ஊற்றுவது, கோப்பித்தூளும் சீனியும் வைத்து அமுக்குவது, மண்ணெண்ணெய் பூசுவது ஆகிய மூன்றும் காயத்தைக் கெடுக்கும்.

இரத்தம் ஓடும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: கோஸை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, குறைந்தது 10 நிமிடம் எடுக்காமல் பிடித்திருத்தல். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பதே எல்லோரும் விடும் பிழை. உறையத் தொடங்கிய இரத்தம் ஒவ்வொரு தூக்கலிலும் கிழிபடுகிறது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். கறள் பிடித்த தகரமோ ஆணியோ தாக்கத்தியோ வெட்டியிருந்தால், ஏற்புவலித் (ரெற்றனஸ்) தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று வைத்தியசாலையில் கேட்பார்கள். அந்தத் திகதியும் முதற் தாளில் இருக்க வேண்டும்.

எரிகாயத்துக்கென்று களிம்பு வாங்க வேண்டாம். சுட்ட இடத்தை ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் பிடிப்பதுதான் மருந்து. குழாய் இல்லாத வீட்டில் கிணற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டிருக்கலாம். பற்பசை, முட்டை வெள்ளை, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். மோதிரத்தையும் வளையலையும் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். பிறகு உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக மேலே வையுங்கள். கையென்றால் சுத்தமான பொலித்தீன் பையால் மூடலாம். அந்தப் பிளாஸ்டிக் சுருளைப் பெட்டிக்குள் வைத்திருப்பது களிம்பைவிட நல்ல செலவு.

5. மருந்துகளைக் குறைவாகவும் தெளிவாகவும் வையுங்கள்

பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை (பனடோல் என்று கேட்டு வாங்குவதும் இதையே): வளர்ந்தவர்களுக்கு ஒரு தடவை ஒன்று அல்லது இரண்டு, இரண்டு தடவைகளுக்கிடையே குறைந்தது நான்கு மணித்தியாலம், 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் இல்லை. மெலிந்தவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் மது அருந்துபவர்களும் அதைவிடக் குறைந்த அளவை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். தடிமனுக்கென்று விற்கும் கலப்பு மருந்துகள் பலவற்றிலும் பரசிற்றமோல் உண்டு. இரண்டையும் சேர்த்து விழுங்கி அளவைத் தாண்டுகிறவர்கள் தாங்கள் தாண்டியதையே அறிவதில்லை.

பிள்ளைகளுக்குப் பாணி மருந்தென்றால் அளவுக் குழலையும் சேர்த்தே வையுங்கள். வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றுபோல் மற்றது இருப்பதில்லை. ஒரு வீட்டில் வைத்தியர் சொன்ன அளவைப் போத்தலின் மேல் எழுதி வைத்தால், அதன் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கு, எந்த நிறைக்கு என்பதையும் எழுதுங்கள்.

காய்ச்சலுக்கு இபுப்ரோபன், டைக்ளோபினக், ஆஸ்பிரின் ஆகியவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம். அந்தக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இவை இரத்தக் கசிவைக் கூட்டும். மாரி முடிந்தவுடன் வரும் காய்ச்சலில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் அவசியம். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் தசைநோவும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள், வயலில் இறங்கினேன் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்கான முற்காப்புக் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் பெற வேண்டும், தானாக வாங்கி வைக்கக் கூடாது.

ஜீவனி: பக்கற்றின் மேல் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில், முழுப் பக்கற்றையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். இதில் பிழை விடாதவர்களைக் காண்பது அரிது. ஒரு லீற்றருக்கான பக்கற்றை ஒன்றரை லீற்றர் குளிர்பானப் போத்தலில் கரைப்பார்கள். அல்லது ஒரு கோப்பைக்குப் பாதியைக் கொட்டி, பிள்ளை விரும்பிக் குடிக்கட்டும் என்று சீனியும் போடுவார்கள். உப்பும் சீனியும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இருந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். விகிதம் மாறினால் வயிற்றோட்டம் கூடவும் கூடும். சரியாக ஒரு லீற்றர் பிடிக்கும் போத்தல் ஒன்றை அடையாளமிட்டுப் பக்கற்றோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிடுங்கள். பக்கற் தீர்ந்துவிட்டால், ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சமாளிக்கலாம்.

ஒவ்வாமை அரிப்புக்கும் தடிப்புக்கும் செற்றிரிசின் போன்ற ஒரு குளிசை, பஸ் பயணத்தில் சத்தி வருபவருக்கு அதற்கான குளிசை, ஒரு டிஜிற்றல் வெப்பமானி ஆகியவற்றோடு பொது மருந்து முடிந்தது. சத்திக்கான குளிசை தூக்கம் தரும், ஆகையால் வாகனம் ஓட்டுபவருக்கு அது ஆகாது.

கிளினிக் மருந்துகளில் ஒரு கிழமைக்குரியதைத் தனியாக எடுத்து வையுங்கள். புதிய மருந்து வாங்கும் ஒவ்வொரு முறையும் இதைப் பாவித்துவிட்டுப் புதியதை இங்கே வைத்தால் காலாவதியாகாது. முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவரின் பம்ப் இந்தப் பெட்டியில் அல்ல, அவரின் கையிலேயே இருக்க வேண்டும்.

மிஞ்சிய அன்ரிபயோட்டிக், பெயர் தெரியாத குளிசை, உறையிலிருந்து உதிர்த்துப் போத்தலில் போட்ட குளிசை, இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த கண்மருந்து ஆகியவற்றை வெளியே எடுங்கள். இரங்காமல் எடுங்கள். மருந்தை உதிர்க்கும்போது பெயரும் காலாவதித் திகதியும் உறையோடு போய்விடுகின்றன.

6. இந்த மண்ணுக்குரிய ஆபத்துகளுக்கு ஆயத்தம்

பாம்புக்கடி. இதற்கென்று பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து எதுவும் இல்லை. விஷமுறிவு மருந்து வைத்தியசாலையில்தான் ஏற்றப்பட வேண்டும், அரச வைத்தியசாலைகளில் அது இலவசம். பெட்டியில் வேண்டியவை சிம்புக்கு ஏற்ற இரண்டு தட்டையான பலகைத் துண்டுகள், முக்கோணத் துணிகள், பேனை ஆகியவைதான். கடிபட்டவரை நடக்கவிடாமல் கிடத்தி, மோதிரம், கொலுசு, காப்பு எல்லாம் கழற்றி, கடிபட்ட கால் அல்லது கை அசையாதபடி சிம்பு வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். கடித்த நேரத்தை எழுதுங்கள்.

கயிற்றாலோ துணியாலோ இறுக்கிக் கட்டுவதே இன்னும் ஊரில் நிற்காத பழக்கம். புடையன் என்று நாம் சொல்லும் கண்ணாடி விரியனின் விஷம் கடிவாயில் தசையைச் சிதைக்கக்கூடியது. இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டமும் நின்று, உயிர் தப்பினாலும் கால் தப்பாமல் போகலாம். வெட்டுவதும் உறிஞ்சுவதும் விஷக்கல் ஒட்டுவதும் வேண்டாம். பாம்பைத் துரத்தி அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுகிறார். தூர நின்று தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள்.

கட்டுவிரியன் இரவில், நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவரைக் கடிக்கும். நோ தெரியாமல் இருக்கும், கடிவாயும் தெரியாமல் போகலாம். விடியப்புறம் வயிற்றுநோவோடு எழும்பி, கண்ணிமை சோர்ந்து, பேச்சுக் குழறினால் வாய்வுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே கொண்டுபோக வேண்டும். ஓரத்தைப் பாயின் கீழே செருகிய நுளம்பு வலையும் இரவில் முற்றத்துக்கு இறங்கும்போது ரோச் லைற்றும் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டிய முதலுதவிப் பொருட்கள். பரிசாரியாரிடம் (நாட்டு வைத்தியரிடம்) நம்பிக்கை உள்ளவர்களோடு நான் வாதிடுவதில்லை. வைத்தியசாலையில் இருந்து வந்த பிறகு அங்கே போங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியும் களைநாசினியும். குடித்தவருக்குச் சத்தி எடுக்க வைக்க வேண்டாம். எடுக்கும்போது அது சுவாசப்பைக்குள் போகலாம். குப்பிவிளக்குக்கு வைத்த மண்ணெண்ணெயைக் குடித்த குழந்தைக்கும் இதே விதி. உடலில் ஊற்றுப்பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு உடுப்பைக் கழற்றி, சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் தண்ணீர் ஊற்றுங்கள். போத்தலையோ அதன் லேபிளையோ கூடவே எடுத்துப்போக வேண்டும், ஏனெனில் எந்த நஞ்சு என்பதைப் பொறுத்தே மருந்து மாறும். இந்த நஞ்சைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் வீட்டில் எந்தப் பெட்டியும் போதாது.

குளவி. பல குளவிகள் குத்தினாலோ, ஒன்றே குத்தி உதடு வீங்கி மூச்சு முட்டினாலோ, குளிசை கொடுத்துப் பார்த்திருக்காமல் 1990க்கு அழையுங்கள்.

கடல். திருக்கை முள்ளோ கெளிற்று முள்ளோ குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை அமிழ்த்தி வைத்தால் நோ குறையும். சூட்டைக் குத்துப்படாத காலால் முதலில் பார்க்க வேண்டும்; நோவின் கடுமையில் குத்துப்பட்ட கால் சுடுவதை உணராது. ஆழமாக ஏறிய முள்ளையும் வயிற்றிலோ நெஞ்சிலோ குத்திய முள்ளையும் இழுக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். படகுக்குப் போகும் பையில் சுடுநீர்ப் போத்தல் ஒன்று இருக்கட்டும்.

கண்ணிவெடி உண்டென்று எச்சரிக்கும், மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் யாராவது வெடியில் காயப்பட்டால், பெட்டியோடு உள்ளே ஓடக் கூடாது. அசையாமல் இருந்து தன் கையால் காயத்தை அழுத்தும்படி தூர நின்று சொல்லிவிட்டு, 119க்கும் (பொலிஸ்) 1990க்கும் அழைக்க வேண்டும்.

7. இப்போதுதான் பெட்டி வாங்கும் நேரம்

சேர்த்த பொருட்களை மேசையில் பரப்பி, அந்த அளவுக்கு ஒரு பெட்டி தேடுங்கள். இறுக்கமாக மூடும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பெட்டி நல்லது. மாரி ஈரமும் எறும்பும் துணிப்பைக்குள் புகும். இரும்புப் பெட்டி கறள் பிடிக்கும்.

ஒரு வேலைக்கு வேண்டியதை ஒரே உறையில் போடுங்கள். இரத்தத்துக்கு ஓர் உறை: கையுறை, கோஸ், கிரேப் பன்டேஜ், ஒட்டுநாடா. எரிகாயத்துக்கு ஓர் உறை. முறிவுக்கும் பாம்புக்கடிக்கும் ஓர் உறை. கோஸ் எல்லாம் ஓரிடம், பன்டேஜ் எல்லாம் ஓரிடம் என்று கடைபோல் அடுக்கினால், பதறிய கை நான்கு இடத்தில் தேட வேண்டும். இரத்த உறை மேலே வர வேண்டும், அதிலும் கையுறை எல்லாவற்றுக்கும் மேலே. கடைசியாகக் கண்ணில் படும் கையுறையை யாரும் போடுவதில்லை.

முதற் தாளைத் தெளிவாகத் திரும்ப எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். கிளினிக் கொப்பியில் கடைசியாக எழுதிய பக்கத்தைப் படப்பிரதி எடுத்து அதனோடு வையுங்கள். அம்புலன்ஸில் வருபவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு வீட்டில் நிற்கும் சிறுவனும் விடை காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

8. பயணப் பையை வீட்டுப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம்

பயணத்துக்குப் புறப்படும்போது வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துப் போனவை திரும்பி வருவதில்லை. சிறிய பை ஒன்றைத் தனியாகவே வைத்திருங்கள்: கோஸ் சில, ஒரு கிரேப் பன்டேஜ், இரண்டு முக்கோணத் துணி, பிளாஸ்டர், ஒட்டுநாடா, கையுறை, சிறு சவர்க்காரம், ஜீவனி, பரசிற்றமோல் ஓர் அட்டை, சத்திக் குளிசை, பெயர்த் தாளின் பிரதி.

எந்தப் பயணம் என்பதைப் பொறுத்து ஓரிரு பொருட்கள் மாறும். ஆவணியில் மடுத் திருவிழாவுக்கும் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் போகிறவர்களுக்கு வெயிலும் வயிற்றோட்டமும் பிள்ளை தவறிப்போவதும்தான் ஆபத்து. ஜீவனியைக் கூட்டுங்கள், பிள்ளையின் சட்டைப்பையில் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டை வையுங்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்குக் கொப்புளத்தில் ஒட்ட அகலமான ஒட்டுநாடாவும் மாற்றுக் காலுறையும் வேண்டும். தோல் சிவந்தவுடனே ஒட்ட வேண்டும், கொப்புளம் எழும்பிய பிறகு அதைக் குத்தக் கூடாது. கொழும்புக்குப் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ போகிறவர் கிளினிக் மருந்தைத் தட்டில் ஏற்றும் பெரிய பையில் போடாமல் மடியில் இருக்கும் பையில் போட வேண்டும். பை மாறிப்போனால் ஒரு நாள் மருந்து தவறிவிடும்.

மோட்டார் சைக்கிளில் கட்டுப் பொருட்கள் மட்டும் நிரந்தரமாக இருக்கலாம். மருந்தை அன்றன்று எடுத்து அன்றன்று இறக்குங்கள். உழவு இயந்திரத்தின் கருவிப் பெட்டிக்குள் எண்ணெய்க் கந்தையோடு கோஸைப் போடுகிறவர்கள், அதை இரட்டைப் பொலித்தீன் உறையில் கட்டித்தான் போட வேண்டும்.

9. வீட்டாரை வைத்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள்

ஓர் ஞாயிறு மாலையில், யாருக்கும் சொல்லாமல், "எனக்குக் கை வெட்டுப்பட்டது" என்று ஒருவர் கூப்பிடட்டும். பெட்டி எங்கே என்று யார் அறிந்திருக்கிறார்கள், உறையைக் கிழிக்க முடிகிறதா, பன்டேஜைச் சுற்றத் தெரிகிறதா என்று பாருங்கள். சுற்றிய பிறகு விரல் நுனியை அழுத்தி விடுங்கள். நிறம் உடனே திரும்பவில்லையென்றால் கட்டு இறுக்கம். இதைப் பழகாதவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதற் தடவை இறுக்கமாகவே கட்டுகிறார்கள். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவிப் பயிற்சி நடத்துகிறது. வாய்ப்பு வரும்போது வீட்டிலிருந்து ஒருவராவது போய்வந்தால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறையைக் கையால் செய்து பழகலாம், ஏனெனில் எழுத்தில் படித்து அது வராது.

10. யார், எப்போது சரிபார்ப்பது

எடுத்த பொருளை அன்றைக்கே அல்லது அடுத்த சந்தை நாளிலே திரும்ப வாங்கி வைக்க வேண்டும். நாளைக்கு என்று விட்ட பெட்டி மூன்று மாதத்தில் வெறுமையாகிறது. எடுத்ததைக் குறிக்க மூடியில் ஒரு சிறு கொப்பியும் பென்சிலும் கட்டிவிடுங்கள்.

காலாவதித் திகதிகளை ஆண்டுக்கு இரண்டு முறை பாருங்கள்: வெயில் ஏறுமுன் பங்குனியில் ஒருமுறை, மாரி தொடங்குமுன் புரட்டாதியில் ஒருமுறை. பங்குனியில் மருந்து இருக்கும் இடத்தின் சூட்டையும், புரட்டாதியில் பெட்டியின் மூடி ஈரம் விடுகிறதா என்பதையும் ஜீவனியின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். வெப்பமானியின் பற்றரியையும் ரோச் லைற்றின் பற்றரியையும் அப்போதே போட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் நிறையைத் திரும்ப நிறுத்து, தாளில் பழையதை வெட்டிப் புதியதை எழுதுங்கள். கட்டியாகிப்போன ஜீவனி, நிறம் மாறிய குளிசை, உறை பிரிந்த கோஸ் ஆகியவற்றுக்குத் திகதி இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். உறை பிரிந்த கோஸை மட்டும் எறியாமல் விளக்குத் துடைக்க எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வேலையை வீட்டில் ஒருவரின் பெயருக்கே எழுதுங்கள். எல்லோருக்கும் பொதுவென்று விட்டால் ஒருவரும் பார்ப்பதில்லை; பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்த வீடுகளில் பெட்டி ஒழுங்காக இருப்பதைக் கண்டிருக்கிறேன், ஆனால் மருந்துப் பெட்டியை மட்டும் பெரியவர் ஒருவர் பார்க்க வேண்டும்.